ஈ கட்டும் பியாட்ரிஸ் அம்மாள்

சேவலைக் கண்டால் பியாட்ரிஸ் அம்மாள் நின்றுவிடுவாள். சாந்தோம் கோயிலில் பூசை கண்டு திரும்பும் வழியானாலும் சரி, மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போகும் வழியானாலும் சரி, வேலியோரம் ஒரு சேவல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் போதும். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். கொண்டையையோ தொடையையோ அல்ல, கழுத்தைத்தான் பார்ப்பாள். இறகு வெயிலில் எப்படி மினுங்குகிறது, நுனி எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதுதான் கணக்கு. மனத்துக்குப் பிடித்துவிட்டால் வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள்.

"இத்த எப்போ அறுக்கப் போறே?"

"ஈஸ்டருக்கு வச்சிருக்கேன். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"கறி உனக்கு, கழுத்துத் தோலு எனக்கு. வெந்நீர்ல மட்டும் முக்கிடாதே. இறகு காஞ்சதா இருக்கணும்."

அந்தப் பக்கத்துச் சந்துகளில் எந்த வீட்டில் சேவல் அறுத்தாலும் அவளுக்குச் சேதி போய்விடும். "ஈக்காரம்மாவுக்கு எடுத்து வையி" என்று கழுத்துத் தோலைத் தனியாக உரித்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுவார்கள். எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், பழையவர்கள் சிரிப்பார்களே தவிர விளக்கம் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கே அது சரியாகப் புரிந்ததில்லை.

விஷயம் இதுதான். நம் ஏரி குளத்து மீனுக்கு மண்புழு போதும். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் சீமையிலிருந்து கொண்டுவந்து விட்டு வளர்த்திருக்கிற ட்ரௌட் என்ற மீனுக்கு அது உதவாது. உதவினாலும், அங்கே புழு வைத்துப் பிடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். நீர்மேல் விழும் பூச்சியை எழும்பி வந்து கவ்வுகிற மீன் அது. ஆகவே சின்னத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சியைப்போல ஒன்றைச் செய்து, நீளக் கோலால் வீசி, நிஜப் பூச்சி விழுவதுபோல் தண்ணீர்மேல் விழவைக்க வேண்டும். இந்தப் பொய்ப்பூச்சிக்கு இங்கிலீஷில் 'ப்ளை' என்று பெயர். பியாட்ரிஸ் அம்மாளின் வீட்டில் அது வெறும் ஈ.

"மவுண்ட் ரோட்டுல பாதிக் கடைக்காரன் ஈ ஓட்டிக்கினு கீறான். எங்க அக்கா ஒருத்திதான் ஈ கட்டிக்கினு கீது" என்பான் அவளுடைய தம்பி ஆம்ப்ரோஸ். விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில் அவன் குமாஸ்தா. டென்னிஸ் மட்டை, கிரிக்கெட் பந்து, துப்பாக்கித் தோட்டா, தூண்டில் கோல் எல்லாம் அங்கே விற்கும்.

அவள் வீட்டில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அதன் விளிம்பில் சைக்கிள் கடைக்காரன் அடித்துக் கொடுத்த சின்ன இடுக்கி. இடுக்கியின் வாயில் முள். அம்மாளின் வாயில் மெழுகு தடவிய பட்டு நூலின் ஒரு முனை. பல்லில் நூல் இருக்கும்போதே பேசுவாள். பழகிய காதுக்குத்தான் அது விளங்கும். சுற்றிலும் சிகரெட் டப்பாக்கள். ஒன்றில் காஞ்சிபுரத்துக்காரர்களிடம் வாங்கிய பட்டுச் சிட்டம், ஒன்றில் பழைய சேலையிலிருந்து உருவிய ஜரிகை, ஒன்றில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய கீரி மயிர், ஒன்றில் மயில்தோகை இழைகள். கட்டி முடித்த ஈக்களுக்குச் சீமைப் பெயர்கள் உண்டு. அவற்றை டப்பாவின்மேல் ஆம்ப்ரோஸ் எழுதி ஒட்டுவான். அம்மாள் அவற்றை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அவளுக்கு அவை கருப்பி, சாம்பலான், துருப்பிடிச்சவ, கோபக்காரி.

"கோபக்காரின்னு ஏன்?" என்று கேட்டேன்.

"பாருங்களேன், எப்டி மயிரைச் சிலுப்பிக்கினு நிக்குதுன்னு" என்றாள், நூலைக் கடித்தபடியே.

ஒல்லியான, உயரமான உடம்பு. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய் அங்கே நூல் கட்டியிருக்கும். சிரித்தால் கண்கள் சிரிக்கும். வாய் அழுத்தமாகவே இருக்கும். எதையும் இரண்டாம் முறை கேட்கவைக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. 'முடியும்', 'முடியாது' என்ற இரண்டு சொற்களையும் அவள் ஒரே குரலில்தான் சொல்லுவாள்.

இந்த வேலைக்கு அவள் வந்தது யுத்தத்தினால். அதற்கு முன்பு அவள் ரங்கூனில் இருந்தாள். கணவர் விக்டர் அங்கே மரக் கம்பெனி ஒன்றில் கணக்கர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆயிரமாயிரம் பேர் நடந்து வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவர்களும் வந்தார்கள். காட்டு வழியில் ஒரு பெரிய ஆறு. படகுகள் குறைவு, ஜனங்கள் அதிகம். பெண்கள் ஏறிய படகில் இவளைத் தள்ளி ஏற்றிவிட்டு, "அடுத்ததுல வரேன்" என்று விக்டர் கரையில் நின்றார். அடுத்த படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. அக்கரையில் நின்று இவள் அதைப் பார்த்தாள்.

இதை எனக்குச் சொன்னவன் ஆம்ப்ரோஸ். அவள் சொன்னதில்லை. சாந்தோமுக்கு வந்து சேர்ந்த பிறகு பல மாதங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். கோயிலுக்குப் பின்னால் கடல். அந்தப் பக்கம் தலைகூடத் திருப்ப மாட்டாள். அடையாற்றில் உறவினர் வீட்டுக் கல்யாணம் வந்தபோது, பாலத்தைத் தாண்டவேண்டும் என்பதற்காகவே போகாமல் இருந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல் போக்குவரத்து குறைந்து, சீமை ஈக்கள் வருவது நின்றது. நீலகிரிக்கு விடுமுறையில் போகும் பட்டாளத்து அதிகாரிகள் கடையில் வந்து கேட்டுக் கேட்டு ஏமாந்தார்கள். ஆம்ப்ரோஸ் ஒருநாள் பிய்ந்துபோன பழைய ஈ ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். "இந்த மாதிரி யாராவது செஞ்சு குடுத்தா கடை மொதலாளி கால்ல விழுவாரு" என்று பொதுவாகச் சொன்னான். அக்காள் திரும்பிப் பார்த்தாள். கன்னிமார் மடத்துப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றவள். ஊசி எடுத்து அந்த ஈயைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். பிறகு அதே வழியில் திரும்பச் சுற்றினாள். ஊருக்கு வந்த பிறகு அவள் தானாகக் கையில் எடுத்த முதல் பொருள் அது.

ஈக்கள் விற்றன. கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பட்டாம்பூச்சிபோல் மின்னின. கடை முதலாளி பூரித்துப்போனார். வாங்கினவர்கள் மெச்சினார்கள். இப்படி ஒரு வருஷத்துக்குமேல் நடந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பஞ்சகச்சமும் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் கையில் தகர டப்பாவோடு அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

அவர் சுப்பராமன். மயிலாப்பூர்க்காரர், என் நண்பர். நீலகிரியில் பைக்காராவில் மின்சார இலாகாவில் இன்ஜினீயர். மேலதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவரோடு ஓடைக்குப் போய்ப் பழகி, மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்தவர். பிடித்த மீனைத் தின்பதில்லை. திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவார். லீவில் வந்திருந்த அவரோடு அன்று நானும் போயிருந்தேன்.

"கோச்சுக்கப்படாது" என்று ஆரம்பித்தார் சுப்பராமன். "உங்க ஈயெல்லாம் பார்க்க ரொம்ப லட்சணமா இருக்கு. ஆனா மீன் எடுக்க மாட்டேங்கறது. என் கை சரியில்லையோன்னு மத்தவாகிட்டக் குடுத்துப் பார்த்தேன். அவாளுக்கும் அப்படித்தான்."

ஆம்ப்ரோஸ் முகம் கறுத்துவிட்டது. கடைக்கு இவளைச் சிபாரிசு செய்தவன் அவன்தான். அம்மாள் மட்டும் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மீனு கிட்டயே வரலியா?"

"வரது. அடியிலேர்ந்து எழும்பி மூக்குக்கிட்ட வரது. ஒரு நிமிஷம் பார்க்கறது. திரும்பிப் போயிடறது."

"ஏன்?"

"அதுதான் எனக்கும் தெரியலே."

"கடைக்காரர் கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லே. உங்ககிட்டச் சொல்றதுதானே முறை? அதோட, நான் இந்தக் காரியம் பண்றது ஆத்துல தெரியாது."

"ஆத்துல மீனுக்குத் தெரியக்கூடாது, அது சரி" என்றாள் அம்மாள் யோசனையாக.

"ஐயோ, அந்த ஆறு இல்லேம்மா! எங்காத்துல. ஜலஜாவுக்கு."

நானும் ஆம்ப்ரோஸும் சிரித்துவிட்டோம். அம்மாள் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, மீன் வேண்டாமென்று ஒதுக்கிய தன் ஈக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்திடுவோம்க்கா. லேஸ் பின்னினாலும் பொழப்பு நடக்கும்" என்றான் ஆம்ப்ரோஸ், நாங்கள் போகட்டும் என்றுகூடக் காத்திராமல். "நிறுத்த முடியாது" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதில் தன் ஈயை மிதக்கவிட்டு, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து பார்த்தாளாம். பிறகு விளக்கடியில் விழுந்து கிடந்த நிஜப் பூச்சி ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்தாள். நிஜப் பூச்சிக்கு அடியிலிருந்து பார்த்தால் ஆறு காலின் புள்ளியும் மெல்லிய நிழலும்தான் தெரிந்தன. அவள் கட்டியது கருப்பாக ஓர் உருண்டையாகத் தெரிந்தது. ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இத்தினி நாளும் மீனுக்குக் கட்டலேடா தம்பி. உங்க கடை கண்ணாடிப் பொட்டிக்குக் கட்டிக்கினு இருந்திருக்கேன்."

இறகைப் பாதியாகக் குறைத்தாள். அதிலும் பாதியைக் குறைத்தாள். பார்ப்பதற்கு ஈர்க்குச்சியில் தூசு ஒட்டியதுபோல் இருந்தது. ஆனால் மீனிடம் காட்டாமல் எப்படி முடிவு கட்டுவது? சுப்பராமன் ஒரு வழி சொன்னார். சைதாப்பேட்டைப் பாலத்துக்கு மேற்கே ஆறு மணல்மேல் தெளிவாக ஓடுகிறது. அங்கே ட்ரௌட் இல்லை. ஆனால் பூச்சிக்கு எழும்பும் சின்னக் கெண்டைகள் உண்டு. கெண்டையை ஏமாற்றத் தெரிந்தால் ட்ரௌட்டையும் ஏமாற்றலாம். கடையில் உடைந்து கிடந்த கோல் ஒன்றைச் செப்பனிட்டு ஆம்ப்ரோஸ் கொண்டுவந்தான்.

ஆற்றுக்குப் போவது என்று அவள் முடிவு செய்ததும் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் மனம் மாறிவிடுமோ என்று பயந்தேன் என்று ஆம்ப்ரோஸ் சொன்னான். மாறியிருக்காது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முதல் சில தடவை அவள் கரையிலேயே நின்றாள். தண்ணீருக்கும் அவளுக்கும் இடையில் நல்ல தூரம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். அங்கே துணி வெளுப்பவர்களில் கபாலி என்று ஒருவர். கல்லில் துணியை அடிப்பதை நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"இன்னாமா இது, புழு இல்லாத தூண்டி? மீனை இன்னா பட்டினி போடப் போறியா?"

அம்மாள் பதில் சொல்லாமல் வீசுவாள். கெண்டைகள் எழும்பி வந்து, பார்த்து, திரும்பிப் போயின. சுப்பராமன் சொன்னது சரிதான். மெலிந்த ஈயையும் அவை எடுக்கவில்லை. நாலைந்து முறை இதைப் பார்த்த பிறகு கபாலி அருகில் வந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"உன் ஈ ஓடுதும்மா. அங்க பாரு, தழை மெதந்துக்கினு போவுது. தண்ணி எவ்ளோ வேகமோ அவ்ளோ வேகம். உன் நூலு நடுத்தண்ணியில மாட்டிக்கினு ஈயை இழுக்குது. கவுத்துல கட்டின நாய் மாதிரி அது குறுக்கால ஓடுது. எந்தப் பூச்சி அப்டி ஓடும்?"

"இன்னா பண்ணணும்?"

"இங்கேந்து வீசினா அப்டித்தான். உள்ள எறங்கு. மீனுக்குப் பின்னால நில்லு. அது தண்ணி வர்ற பக்கம் பாத்துக்கினு கீது, உன்னைப் பாக்காது. முன்னால வீசு, தானா அது வாய்க்கு வரும்."

அவள் அங்கேயே நின்றாள். கோலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள் என்று ஆம்ப்ரோஸ் சொன்னான். கபாலிக்கு ஒன்றும் தெரியாது. "முழங்காலுக்குத்தாம்மா தண்ணி. கொழந்தைங்க வெளையாடுற எடம்" என்றார். ஆம்ப்ரோஸ், "வேணாம்க்கா, வா, போலாம்" என்று கையைப் பிடித்தான்.

"உடு" என்றாள் அவள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஒரு காலை வைத்தாள். உடம்பு முழுவதும் விறைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. ஜெபமா, வேறு ஏதாவதா, தெரியாது. மறு காலையும் வைத்தாள். காலடியில் மணல் நழுவ நழுவ, விழுந்துவிடாமல் அப்படியே நெடுநேரம் நின்றாள். துணி அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. கரையில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பிறகு அவள் கண்ணைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோலை உயர்த்தினாள்.

அன்று மீன் விழவில்லை. ஆனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஈ தழையோடு தழையாக மிதந்து வருவதற்கு மணிக்கட்டை எப்படி விடுவது என்று கை கற்றுக்கொண்டது. கடைசியில் விரல் நீளக் கெண்டை ஒன்று கருப்பியைக் கவ்வியது. "மாட்னுச்சு!" என்று கபாலி போட்ட கூச்சலில் பாலத்தின்மேல் போன பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன. மீனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாள் அழுதாள். ஊருக்கு வந்த பிறகு அக்காள் அழுது அன்றுதான் பார்த்தேன் என்றான் ஆம்ப்ரோஸ்.

அதற்குப் பிறகு அவளிடம் ஈ வாங்குவது லேசான காரியமாக இல்லை. சனிக்கிழமைகளில் கடையின் பின்கட்டில் ஒரு முக்காலி போட்டு உட்காருவாள். வாங்க வருகிறவர்களை டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல் கேட்பாள். தண்ணீர் தெளிவா, கலங்கலா? வெயிலா, மூட்டமா? ஓட்டம் வேகமா, மடுவா? தெரியாது என்றால், "தெரிஞ்சுக்கினு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். தெளிந்த குறைந்த தண்ணீருக்குச் சின்னதாக, மெலிவாக, கருப்பாக. மழை பெய்து கலங்கியிருந்தால் கொஞ்சம் பெரிதாக, வயிற்றில் ஒரு சுற்று ஜரிகையோடு. இரண்டில் எதை என்று குழம்பினால், "அளவு மொதல்ல, வண்ணம் அப்புறம். அளவு தப்பாப் போச்சுன்னா எந்த வண்ணமும் ஒதவாது" என்பாள். ஒன்றுமே புரியாதவர்களுக்கு அவள் கடைசியாகச் சொல்வது இது: "கரையோரம் சிலந்தி வலை இருக்கும், அத்தப் பாருங்க. அதுல இன்னா பூச்சி மாட்டிக்கினு இருக்கோ, அந்த மாதிரி ஈயை நூல்ல மாட்டுங்க. சிலந்திக்கு அந்த ஊரு தெரியும்." நிழலைப் பற்றி மட்டும் கண்டிப்பு அதிகம். "உங்க நெழலு உங்களுக்கு முன்னால தண்ணியில விழுந்துச்சா? அப்போ கோலை மடக்கிக்கினு வீட்டுக்குப் போயிடுங்க."

ஒரு தடவை வட இங்கிலாந்துச் சிப்பாய் ஒருவன் வந்தான். பர்மாவுக்குப் போகும் வழி. அவன் கேட்டது ட்ரௌட் ஈ அல்ல. கிரேலிங் என்ற மீனுக்கான ஈ. அந்த மீன் இந்தத் தேசத்திலேயே இல்லை என்று ஆம்ப்ரோஸ் சொன்னான். சிப்பாய்க்கும் அது தெரிந்திருந்தது. அம்மாள் அவனை முக்காலிக்கு எதிரே உட்காரவைத்து, தம்பியின் இங்கிலீஷ் மூலமாக அந்த மீனைப் பற்றிக் கேட்டாள். ட்ரௌட் மேலாக மிதக்கும். கிரேலிங் அடியில் கிடக்கும். பூச்சியைக் கண்டால் நேராக மேலே எழும்பும். அடிக்கடி குறி தவறும். தவறினாலும் பயப்படாமல் மறுபடியும் வரும். வாய் சின்னது, மெத்தென்றது. ஆகவே முள் சின்னதாக இருக்கவேண்டும், இழுப்பு மெதுவாக இருக்கவேண்டும். குளிர்காலத்தில் ட்ரௌட் ஓய்ந்த பிறகும் அது கிடைக்கும். சிவப்பு என்றால் அதற்கு ஆசை. இவ்வளவையும் அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கட்ட ஆரம்பித்துவிட்டாள். மயில்தோகை இழையால் உடம்பு, செந்நிறச் சேவல் இறகு இரண்டு சுற்று, வாலில் சிவப்புக் கம்பளி நூல் துளி. சிப்பாய் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். தொப்பியில் குத்திக்கொண்டு, அவளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான். "பாவம், திரும்பி வரணும்" என்றாள்.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வந்தன. சீமை ஈக்களும் வந்தன. கடை முதலாளி தயக்கத்தோடுதான் பேச்சை எடுத்தாராம். "உங்கள் ஈ நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் இங்கிலாந்தில் பரம்பரையாகக் கட்டுகிறவர்கள் இருக்கும்போது வாங்குகிறவன் உங்களிடம் ஏன் வருவான்? நீங்கள் ட்ரௌட்டைக் கண்ணால் பார்த்ததுண்டா?"

பார்த்ததில்லை. அது உண்மை. அவளைக் குத்தியதும் அதுதான். சுப்பராமன் புது ஈக்களைப் பைக்காராவுக்குக் கொண்டுபோய், மீன் எடுக்கிறது என்று சொல்லியிருந்தார். "அவரு சொல்றாரு. நான் பாக்கலியே" என்றாள். சென்ற ஏப்ரலில் ஆம்ப்ரோஸையும் அழைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். கோடைக்கு மலைக்குப் போவதாக இருந்த நானும் அதே வண்டியில் போனேன்.

தங்குவதற்கு இடம் சுப்பராமனின் குவார்ட்டர்ஸ்தான். அவருக்கு அதுவரை வராத தைரியம் அன்று வந்தாகவேண்டியிருந்தது. வாசலில் எங்களை நிறுத்திவிட்டு, "ஜலஜா, இவா வந்து… மெட்ராஸ்ல ஒரு மாதிரி தையல் வேலை…" என்று இழுத்தார்.

"ஈ கட்டறவாதானே? வாங்கோ, உள்ளே வாங்கோ. குளிர்றது" என்றார் ஜலஜா அம்மாள்.

சுப்பராமன் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"எத்தனை வருஷமா உங்க கோட்டைத் தோச்சிண்டிருக்கேன்? பையில முள்ளு. ரெண்டு தரம் விரல்ல ஏறித்து. ஆபீஸ் கம்பின்னு நீங்க சொன்னா நான் நம்பிண்டிருக்கணுமா?" என்றவர், பியாட்ரிஸ் அம்மாள் பக்கம் திரும்பினார். "முள்ளைக் கொஞ்சம் மொண்ணையாக் கட்டப்படாதோ?"

"மொண்ணையாக் கட்டினா மீனு சிரிக்கும்மா" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். இரவு ரசம் சாதம் பரிமாறும்போது அவர்கள் நெடுநாள் பழகியவர்கள்போல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் சீமை ஈக்கள் ஒரு தட்டிலும் இவளுடைய மெலிந்த ஈக்கள் ஒரு தட்டிலும் இருக்கின்றன. இரண்டும் விற்கின்றன. முதலாளியிடம் அவள் ஊர் திரும்பியதும் சொன்னது ஒரே வார்த்தை: "பாத்துட்டேன்." அவள் பார்த்த காலையில் நானும் கரையில் இருந்தேன்.

பனி விலகிக்கொண்டிருந்தது. சோலைக்குள்ளிருந்து ஓடை இறங்கி, பாறைகளுக்கு நடுவே ஒரு மடுவாகத் தேங்கி, மறுபடியும் ஓடியது. சுப்பராமன் கோலை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து இருப்பதிலேயே சின்னக் கருப்பியை எடுத்தாள். கணுக்கால் தண்ணீரில் இறங்கி வீசினாள். மடுவின் அடியிலிருந்து நிழல் ஒன்று பிரிந்து எழும்பியது. ஈயின் அருகே வந்தது. நின்றது. பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

இத்தனை வருஷமாகக் காதால் கேட்டதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். இல்லை.

"இழுக்குது" என்றாள் தனக்குத்தானே. ஈ குறுக்கே ஓடுகிறதாம். எனக்கு அது தெரியவே இல்லை. மீனுக்குத் தெரிந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் நடந்து, மடுவின் கடைக்கோடியில் இறங்கினாள்.

"அங்கே வேண்டாம், இடுப்பளவு ஆழம்! ஜில்லுனு இருக்கும்!" என்று சுப்பராமன் கத்தினார். ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றுவிட்டான். அவள் இடுப்பளவு இறங்கி, காலை ஊன்றி, கோலை உயர்த்தினாள். நூல் பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து விரிந்தது. ஈ விழுந்ததே தெரியவில்லை. ஒரு சருகு அதன் பக்கத்தில் மிதந்து வந்தது. ஈயும் அதே வேகத்தில் வந்தது. அதே நிழல் எழும்பியது. இந்தத் தடவை அது நிற்கவில்லை.

கோல் வளைந்தது. மீன் மடு முழுவதும் ஓடியது, துள்ளியது, பாறைக்கடியில் புகப் பார்த்தது. அவள் வாய் மட்டும் அழுத்தமாக மூடியிருந்தது. விட்டுக்கொடுத்து, இழுத்து, மறுபடி விட்டுக்கொடுத்து, கடைசியில் அதைக் கைக்குக் கொண்டுவந்தாள். முதுகெல்லாம் கரும்புள்ளி, விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. எங்களோடு வந்திருந்த ஜலஜா அம்மாள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஆனால் விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அதுக்கு வலிக்குமோ?"

"விட்டுடலாம். முள்ளை மெதுவா எடுத்துடுங்கோ" என்றார் சுப்பராமன். "வறுத்தா நல்லா இருக்கும்" என்று ஆம்ப்ரோஸ் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

அவள் முள்ளை எடுத்தாள். மீனை உடனே விடவில்லை. களைத்துப்போன அதை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் தாங்கி, தலை ஓட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நின்றாள். செவுள் மெல்ல அசைந்தது. பிறகு வேகமாக அசைந்தது. வால் ஒருமுறை அவள் மணிக்கட்டில் அடித்தது. கை விரிந்தது. மீன் போய்விட்டது.

"வாங்கோ, வாங்கோ, காபி ஆறிடப் போறது" என்று ஜலஜா அம்மாள் கரையில் துண்டை விரித்து நீட்டினார். பியாட்ரிஸ் அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓரமாகக்கூட ஒதுங்காமல், தண்ணீருக்குள்ளேயே மேல்நோக்கி, அடுத்த மடுவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.